மயங்குபவனுக்காக விழித்திருப்பவர் யார்?



சுவா சூ காங் வட்டாரத்தில் உயர்நிலைப் பள்ளி படிக்கும் தம்பிகளோடு பேசும்போது ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "அண்ணே, அதே மருந்தை டாக்டர் ஊசியில போட்டா சிகிச்சை. நானே இழுத்தா குற்றம். மருந்து ஒண்ணுதானே? அப்புறம் எப்படி ஒண்ணு சரி, இன்னொண்ணு தப்பு?"

இதைக் கேலியாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள், உண்மையிலேயே புரியாமல் கேட்பவர்களும் இருக்கிறார்கள். "சட்டம் அப்படிச் சொல்லுது, பேசாம இரு" என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் சட்டம் ஏன் அப்படிச் சொல்கிறது என்பதுதானே அவர்களுடைய கேள்வி? நான் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படிக்கிறேன். மருத்துவனும் இல்லை, சாமியாரும் இல்லை. எனக்குத் தெரிந்த கொஞ்சம் அறிவியலையும், நம் பெரியவர்கள் விட்டுச் சென்ற சிந்தனையையும் வைத்து இந்தக் கேள்விக்கு நேர்மையாக ஒரு பதில் தேடிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

பழைய கதை, புதிய குப்பி

போதை என்றதும் நமக்கு ஹெராயினும் கஞ்சாவும்தான் ஞாபகத்துக்கு வரும். எங்கோ காட்டில் விளைந்து, எல்லை தாண்டி, திருட்டுத்தனமாக வருகிற சரக்கு. ஆனால் மயக்கும் மருந்துகளின் கதை வேறு மாதிரி. அவை பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலிருந்தும் ஹார்ட்வேர் கடையிலிருந்தும் வந்தவை.

நம் சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். 1970களின் தொடக்கத்தில் இங்கே இளையர்களிடம் 'எம்.எக்ஸ்.' மாத்திரை பரவியது. அது மெத்தகுவலோன் என்ற தூக்க மருந்து. 1951-இல் இந்திய விஞ்ஞானிகள் மலேரியாவுக்கு மருந்து தேடியபோது உருவாக்கிய பொருள் அது. 1980களில் பசை முகரும் பழக்கம் வந்தது. சைக்கிள் டயருக்கும் செருப்புக்கும் ஒட்டுகிற சாதாரணப் பசைதான். அது பள்ளிப் பிள்ளைகள் வரை போனதால், முகர்ந்து மயங்குவதையே குற்றமாக்கி 1987-இல் தனிச் சட்டம் கொண்டு வந்தார்கள். 2002-இல் ஹெராயின் பழக்கத்திலிருந்து விடுபட உதவும் சிகிச்சை மருந்தாக சுபுடெக்ஸ் இங்கே அறிமுகமானது. சிலர் அதைக் கரைத்து, டோர்மிகம் என்ற தூக்க மாத்திரையோடு கலந்து ஊசியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். இதயத்தில் கிருமித் தொற்று வந்து சிகிச்சைக்கு வந்தவர்கள் உண்டு. 2006 ஆகஸ்ட்டில் அந்த மருந்து, ஹெராயின் இருக்கும் அதே 'ஏ' வகுப்புக்குப் போனது.

இப்போது நம் காலத்துக்கு வந்தது கேபாட். மின்சிகரெட்டுக்குள் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து. சிங்கப்பூரில் மின்சிகரெட்டை வைத்திருப்பதே 2018 பிப்ரவரியிலிருந்து குற்றம். இருந்தும் 2025 ஜூலையில், பறிமுதல் செய்த நூற்றுக்கும் மேற்பட்ட மின்சிகரெட்டுகளைச் சோதித்துப் பார்த்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் எட்டோமிடேட் இருந்தது என்று சுகாதார அமைச்சர் ஓங் யி காங் தெரிவித்தார். ஆகஸ்ட் 17 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லாரன்ஸ் வோங் இதை இனிப் போதைப்பொருள் பிரச்சினையாகவே கையாளப்போவதாகச் சொன்னார். 2025 செப்டம்பர் 1 அன்று எட்டோமிடேட் 'சி' வகுப்புப் போதைப்பொருளாகப் பட்டியலிடப்பட்டது.

ஐம்பது வருடத்தில் மாத்திரை, பசை, ஊசி, குப்பி என்று வடிவம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மருந்தாகவும் ஒட்டுப் பசையாகவும் இருந்தவரை இவை எல்லாமே உபயோகமான பொருள்கள்தான். அதனால்தான் தம்பியின் கேள்விக்கு "அது விஷம்" என்ற ஒற்றை வார்த்தை பதிலாகப் போதாது.

பசைப் பைக்குள் ஒரு கணக்கு

முதலில் முகரும் பொருள்களைப் பார்ப்போம். பசையிலும் தின்னரிலும் பெரும்பாலும் டொலுயீன் என்ற கரைப்பான் இருக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்தப் பாட்டிலைச் சாதாரண மேசையில் வைத்துத் திறக்கவே அனுமதி இல்லை. காற்றை உறிஞ்சி வெளியேற்றும் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் திறக்க வேண்டும்.

காரணத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். காற்றின் பத்து லட்சம் பங்கில் 500 பங்கு டொலுயீன் இருந்தாலே அது உயிருக்கு உடனடி ஆபத்து என்பது அமெரிக்க வேலையிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் அளவு. நம்ம ஊர் சூட்டில், அதாவது 30 டிகிரியில், மூடிய பாத்திரத்தில் டொலுயீன் ஆவி நிறைந்து நின்றால் அது சுமார் 48,000 பங்கு வரும். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அதில் பத்தில் ஒரு பங்குதான் சேருகிறது என்று வைத்துக்கொண்டாலும் 4,800. ஆபத்து அளவைப்போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. கவசம் போட்டு வேலை செய்யும் தொழிலாளி கண்டால் ஓடி வெளியே வரவேண்டிய காற்றை, ஒரு பையன் மூக்கை வைத்து வேண்டி இழுக்கிறான்.

டொலுயீன் கொழுப்பில் கரையும். மூளையின் நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் உறையும் பெரும்பாலும் கொழுப்புதான். நுரையீரலிலிருந்து சில நொடிகளில் மூளைக்குப் போய், நாளாக நாளாக அந்த வெண்பகுதியை அரிக்கிறது. கை நடுக்கம், நடை தள்ளாட்டம், மறதி, பார்வையும் காதும் மங்குவது எல்லாம் அதனால்தான். சிறுநீரகம் கெட்டு, உடம்பில் பொட்டாசியம் குறைந்து, எழுந்து நிற்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்படுபவர்களும் உண்டு.

இன்னொரு ஆபத்துக்கு நாள் கணக்கெல்லாம் கிடையாது. 1970-இல் மில்லர்ட் பாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் கரைப்பான்களை முகர்ந்த இளையர்கள் திடீரென்று இறந்த 110 சம்பவங்களைத் தொகுத்து வெளியிட்டார். இந்த ஆவிகள் இதயத்தை அட்ரினலினுக்கு அதிகமாக அதிரும்படி ஆக்கிவிடுகின்றன. அந்த நேரத்தில் யாராவது துரத்தினால், பயந்து ஓடினால், இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம். முதல் தடவையிலேயே நடக்கலாம். "ஒரே ஒரு தடவை ட்ரை பண்ணிப் பார்க்கிறேன்" என்பதற்கு இங்கே எந்தப் பாதுகாப்பும் இல்லை.

இதில் மனதை உறுத்துவது வயசு. இந்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதைப் பழக்கம் முகரும் பொருள்தான். பெரியவர்களில் 0.58 விழுக்காடு, 10 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 1.17 விழுக்காடு. மலிவாகக் கிடைக்கிறது, கடையில் யாரும் கேள்வி கேட்பதில்லை. கையில் காசு இல்லாத பிள்ளைக்கு எட்டுகிற போதை அது.

அறுவை சிகிச்சை அறையில் இருவர்

இனி எட்டோமிடேட். இது ஒரு நல்ல மருந்து என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். நரம்பில் ஏற்றினால் ஒரு நிமிடத்துக்குள் ஆளைத் தூங்க வைக்கும். மற்ற மயக்க மருந்துகள் போல ரத்த அழுத்தத்தை அதிகமாக இறக்காது. அதனாலேயே இதயம் பலவீனமான நோயாளிக்கு இதைத் தேர்ந்தெடுப்பார்கள். யாரோ ஒருவருடைய தாத்தா இதனால் உயிரோடு வீடு திரும்பியிருப்பார்.

அதே மருந்து நம் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியையும் அடக்குகிறது. நோயோ அதிர்ச்சியோ வந்தால் உடம்பைத் தாங்கிப் பிடிக்கும் கார்டிசோல் அங்கேதான் சுரக்கிறது. 1983-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து இரண்டு மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் ஒரு கடிதம் எழுதினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டோமிடேட்டைத் தொடர்ந்து ஏற்றிய நோயாளிகளிடம் மரணம் அதிகமாகியிருந்தது. அதன்பிறகு நோயாளிகளை நாள் கணக்கில் மயக்கத்தில் வைக்க அதைப் பயன்படுத்துவதை மருத்துவ உலகம் கைவிட்டது. ஆஸ்பத்திரியிலேயே தொடர்ந்து கொடுக்கக் கூடாது என்று 40 வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்த ஒன்றைத்தான், அளவும் தெரியாமல், கலவையும் தெரியாமல், ஒரு குப்பியில் அடைத்து நம் பிள்ளைகளுக்கு விற்கிறார்கள். கை கால் வெட்டி வெட்டி இழுக்க, நின்ற இடத்திலேயே தள்ளாடும் காட்சிகளை நாம் எல்லோரும் கைப்பேசியில் பார்த்திருக்கிறோம். பலர் சிரித்துக்கொண்டே பகிர்ந்தார்கள். தசைகள் அப்படித் துடிப்பது இந்த மருந்தின் அறியப்பட்ட ஒரு விளைவு. மயக்க மருத்துவர்கள் அதை எதிர்பார்த்துத்தான் வேலை செய்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் தம்பியின் கேள்விக்குப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அறுவை சிகிச்சை அறையைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். மேசையில் ஒருவர் தூங்குகிறார். அவர் தலைமாட்டில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். கத்தி பிடிப்பது அவர் வேலை இல்லை. தூங்குகிறவருக்காக விழித்திருப்பதுதான் அவர் வேலை. அவருடைய எடையைப் பார்த்து மருந்தை அளந்தது, மூச்சு போகிறதா, ஆக்சிஜன் எவ்வளவு, துடிப்பு எப்படி என்று நொடிக்கு நொடி பார்ப்பது, மூச்சு நின்றால் தன் கையால் காற்றை அழுத்தித் தருவது எல்லாம் அவர்தான். நோயாளி தன் விழிப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்குகிறார். வேலை முடிந்ததும் அதைத் திருப்பித் தருவது அவருடைய பொறுப்பு.

ஆகவே, தம்பி, மருந்து ஒன்றுதான். ஆனால் மருந்து மட்டுமே சிகிச்சை இல்லை. சிகிச்சையில் பாதி மருந்து, மீதிப் பாதி அந்த விழித்திருக்கும் ஆள். புளோக் படிக்கட்டில் நீ இழுக்கும்போது உன் கையில் இருப்பது முதல் பாதி மட்டும்தான். பக்கத்தில் இருக்கும் நண்பனும் அதையே இழுத்திருக்கிறான். வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கினால் உன் தலையைத் திருப்ப ஆள் இல்லை.

வீட்டில் தூக்க மாத்திரை சாப்பிடும் பாட்டிக்கும் இதே அளவுகோல்தான். ஒரு மருத்துவர் பார்த்து, அளந்து, திரும்ப வரச் சொல்லி எழுதிக் கொடுத்த மாத்திரையில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதே மாத்திரையை அவருடைய டப்பாவிலிருந்து எடுத்து பியரோடு சேர்த்துப் போட்டால், இரண்டும் சேர்ந்து மூச்சையே நிறுத்திவிடலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாத்திரைகளை நெடுநாள் சாப்பிட்டவர் ரோஷம் வந்து ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். நிறுத்துவதற்கும் மருத்துவரின் துணை வேண்டும்.

"என் உடம்பு, என் இஷ்டம்"

இதற்குப் பிறகும் ஒருவர் வாதம் செய்யலாம். "ஆபத்துதான், ஒத்துக்கறேன். மலை ஏறுவதும் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும்கூட ஆபத்துதானே? என் உடம்புக்கு நான் கேடு செஞ்சுக்கிட்டா யாருக்கு என்ன?"

இது லேசான வாதம் இல்லை. சுதந்திரத்தை மதிக்கிற எவரும் இதற்கு நின்று பதில் சொல்ல வேண்டும். என் பதில் இதுதான்: மலை ஏறுகிறவன் ஆபத்தைச் சந்திக்கும் ஒவ்வொரு நொடியும் விழிப்போடு இருக்கிறான். வேண்டாம் என்று தோன்றினால் திரும்பி இறங்கலாம். மயக்க மருந்தை இழுப்பவன் முதலில் அணைப்பதே, வேண்டும் வேண்டாம் என்று முடிவு செய்கிற அந்த ஆளைத்தான். "என் இஷ்டம்" என்று சொல்ல ஒரு 'நான்' வேண்டும் அல்லவா? அந்த 'நானை'த்தான் அவன் தூங்க வைக்கிறான். பழக்கம் முற்றிய பிறகு, முழித்திருக்கும் நேரத்திலும் அந்த 'நான்' அடுத்த இழுப்பைத் தேடும் வேலைக்காரனாகிவிடுகிறது. சுதந்திரத்தின் பெயரைச் சொல்லிச் சுதந்திரத்தை விற்றுவிடுவது என்றால் அது இதுதான்.

இரண்டாவது, நம் விழிப்பு நமக்கு மட்டும் சொந்தமா? பேருந்து ஓட்டுநரின் விழிப்பு பயணிகளுக்கும் சொந்தம். தேசிய சேவையில் காவல் நிற்பவனின் விழிப்பு முகாம் முழுவதற்கும் சொந்தம். வீட்டில் தங்கையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனின் விழிப்பு அவளுக்கும் சொந்தம். அம்மா ராத்திரி வேலைக்குப் போவதே "பையன் வீட்ல இருக்கான்" என்ற நம்பிக்கையில்தான். அந்தப் பையன் அறைக்குள் மயங்கிக் கிடந்தால், அவன் தன்னை மட்டுமா அணைத்துக்கொண்டான்?

திருக்குறளில் 93-ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை என்று நமக்குத் தெரியும். நம் வீடுகளில் இருக்கும் பல பதிப்புகளில் அந்த அதிகாரம் எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று பாருங்கள். 'நட்பியல்'. சூது அடுத்த அதிகாரம், மருந்து அதற்கும் அடுத்தது. அதிகாரங்களைத் தொகுத்த பெரியவர்கள் போதையை நட்போடு வைத்ததில் ஒரு அர்த்தம் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஒருவன் மயங்குவது அவனைச் சுற்றியிருக்கும் உறவுகளின் விஷயமும்கூட.

"சிவன் பாங் குடிக்கவில்லையா?"

நம் இளைஞர் கூட்டங்களில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. வட இந்தியாவில் ஹோலிக்குப் பாங் உண்டு, கஞ்சா புகைக்கும் சாதுக்கள் உண்டு, வேதத்தில் சோமபானம் உண்டு. அப்படின்னா நம்ம மதமே அனுமதிக்குதே என்று கேட்கிறார்கள். அவை எல்லாம் இருந்தன, இருக்கின்றன. இதை மறைக்கத் தேவையில்லை. ஒரு பழக்கம் நம் மரபில் இருந்தது என்பதாலேயே அது நமக்கு வழிகாட்டி ஆகிவிடாது. மரபு எதை உயர்ந்தது என்று வைத்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சிவபெருமானுக்கு நாம் எடுக்கும் பெரிய விரதம் எது? மகா சிவராத்திரி. அன்று இரவு என்ன செய்கிறோம்? கண் விழிக்கிறோம். நான்கு கால பூஜையும் முடியும் வரை தூங்காமல் இருப்பதுதான் விரதமே. நீலகண்டன் விஷம் உண்ட கதையையும் நினைத்துப் பாருங்கள். தேவர்களும் அசுரர்களும் பயந்து ஓடிய ஆலகாலத்தை அவர் மற்றவர்களைக் காக்க எடுத்துக்கொண்டார். அப்போதும் அம்பிகை பக்கத்தில் இருந்து கழுத்தைப் பிடித்து, விஷம் உள்ளே இறங்காமல் நிறுத்தினாள். விஷம் குடித்த கடவுளுக்கே பக்கத்தில் விழித்திருக்க ஒருத்தி வேண்டியிருந்தது.

பகவத் கீதையின் 18-ஆம் அத்தியாயத்தில் கண்ணன் சுகத்தை மூன்றாகப் பிரிக்கிறார். தொடக்கத்தில் கசந்து முடிவில் இனிப்பது ஒன்று. தொடக்கத்தில் இனித்து முடிவில் கசப்பது இன்னொன்று. மூன்றாவது, தூக்கத்திலிருந்தும் சோம்பலிலிருந்தும் பிறந்து, முதலிலிருந்து கடைசி வரை ஆளை மயக்குவது. அதைத்தான் தாமச சுகம் என்கிறார். மயக்க மருந்து தருவது இந்த மூன்றாவது ரகம். கவனித்துப் பார்த்தால் அதில் இனிப்பே இல்லை. இழுத்தவர்களும் பெரும்பாலும் "சந்தோஷமா இருந்துச்சு" என்று சொல்வதில்லை, "ஒண்ணுமே தெரியல" என்றுதான் சொல்கிறார்கள். ஒன்றும் தெரியாமல் போவதை அமைதி என்று நினைத்துக்கொள்கிறோம்.

தியானத்திலும் கவலை மறையும், ஆழ்ந்த தூக்கத்திலும் கவலை மறையும். அப்படியானால் என்ன வித்தியாசம்? சுவாமி விவேகானந்தர் ராஜ யோகத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசத்தை விளக்கியிருக்கிறார். தூங்கப் போனவன் அதே ஆளாகத்தான் எழுகிறான். சமாதிக்குப் போனவன் தெளிவோடு திரும்புகிறான். மயக்கத்திலிருந்து எழுகிறவனுக்கு அதே பரீட்சை, அதே கடன், அதே சண்டை அப்படியே காத்திருக்கிறது. அவற்றைச் சந்திக்கும் பலம் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அலாரத்தை அணைப்பது

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் உபதேசமாகிவிடும். யாரும் சும்மா தங்கள் விழிப்பை அணைக்க நினைப்பதில்லை. விழித்திருப்பது தாங்க முடியாமல் வலிக்கும்போதுதான் அப்படி நினைக்கிறார்கள்.

ஒரு தொழிற்சாலையில் அலாரம் விடாமல் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சத்தம் தாங்காமல் ஒருவன் கம்பியை வெட்டிவிடுகிறான். சத்தம் நின்றுவிடும். ஆனால் கொதிகலனில் அழுத்தம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். எங்கள் பாடத்தில் இதை மன்னிக்க முடியாத தவறாகச் சொல்லித் தருவார்கள். அதே பாடத்தில் இன்னொன்றும் சொல்வார்கள்: கம்பியை வெட்டியவனைத் திட்டிவிட்டு விசாரணையை முடிக்காதே. அலாரம் ஏன் அத்தனை நேரம் அடித்தது, அதைக் கேட்டு ஏன் ஒருவரும் வரவில்லை என்று பார்.

நம் வீடுகளில் அந்த அலாரம் எப்படி அடிக்கிறது? ஓ நிலையில் மதிப்பெண் குறைந்த பையன் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவும் அம்மாவும் ஒரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. பாலிடெக்னிக்கில் ஒருத்தி வகுப்புக்கே போவதில்லை, வீட்டுக்குத் தெரியாது. "என்னப்பா ஆச்சு?" என்று கேட்க ஆள் இல்லாத இடத்தில், குப்பியை நீட்டுகிற ஒருவன் மட்டும் "வா, மறந்துடலாம்" என்று அன்பாகப் பேசுகிறான். அந்த நேரத்தில் அவன்தான் நண்பனாகத் தெரிவான். கோயிலில் நன்றாகத் தேவாரம் பாடுகிற பிள்ளைக்கும் இது நடக்கலாம். "நம்ம பிள்ளைங்க அப்படி இல்லை" என்று சொல்லிக்கொள்வதும் ஒரு விதத்தில் அலாரக் கம்பியை வெட்டுவதுதான்.

காட்டிக் கொடுப்பதா?

கடைசியாக, நம் வயதுக்காரர்களுக்கு உண்மையிலேயே கஷ்டமான கேள்வி ஒன்று இருக்கிறது. என் நண்பன் இழுக்கிறான் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அவன் மாட்டுவான், துரோகி என்பான். சொல்லாவிட்டால்?

விசுவாசம் பெரிய குணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விசுவாசம் யாருக்கு? அந்த நண்பனுக்கா, அவனைப் பிடித்திருக்கும் பழக்கத்துக்கா? ரகசியத்தைக் காப்பாற்றினால் பிழைப்பது பழக்கம். அறுவை சிகிச்சை அறையில் தலைமாட்டில் இருப்பவர், மானிட்டரில் துடிப்பு இறங்கும்போது "நோயாளிக்குச் சங்கடமா இருக்கும்" என்று வாயை மூடிக்கொண்டு இருந்தால் அதை யாராவது விசுவாசம் என்பார்களா?

பயத்தைக் குறைக்கும் ஒரு செய்தியும் உண்டு. மின்சிகரெட்டையும் கேபாட்டையும் விட வேண்டும் என்று தாமாகவே முன்வந்து உதவி கேட்பவர்களுக்குத் தண்டனை இல்லை என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் உதவி எண் 1800 438 2000. மனநலக் கழகத்தில் இயங்கும் தேசியப் போதைப் பழக்க நிர்வாகச் சேவையின் எண் 6732 6837. ஆகவே முதலில் நண்பனிடமே பேசுங்கள். "நீயே கூப்பிடு, நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லுங்கள். அவன் மறுத்துக்கொண்டே போனால், அவன் மீது அக்கறை உள்ள ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அது அக்காவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், பள்ளி ஆலோசகராக இருக்கலாம். மாட்டிய பிறகு பேசுவதைவிட மாட்டுவதற்கு முன்னால் பேசுவது அவனுக்கு நல்லது.

மயங்கிக் கிடப்பதைக் கண்டால் யோசிக்காமல் 995-ஐ அழையுங்கள். "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சைப் பாருங்கள், என்ன எடுத்தான் என்று தெரிந்தால் மருத்துவ உதவியாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பசையோ வாயுவோ முகர்ந்தவனாக இருந்தால் கத்தி மிரட்டாதீர்கள், துரத்தாதீர்கள். மேலே சொன்ன இதயக் காரணம்தான். மெதுவாகப் பேசி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள்.

திரும்பி வந்தவர்களையும் நினைக்க வேண்டும். நம் இந்து அறக்கட்டளை வாரியம் நடத்தும் 'ஆசிரமம்' மறுவாழ்வு இல்லம், போதையிலிருந்து மீள்பவர்களைத் தங்க வைத்து, வேலைக்கும் குடும்பத்துக்கும் திரும்ப வழி செய்கிறது. அங்கிருந்து வெளியே வருகிற ஒருவர் நம் கோயில் அன்னதானக் கூடத்தில் வந்து உட்காரும்போது, நாம் நகர்ந்து இடம் கொடுக்கிறோமா, இல்லை தள்ளி உட்காருகிறோமா? "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்கிறோமே, அந்த நாலு பேர் நாம்தான்.

ஒருவன் மயங்கினால் அவனுக்காக இன்னொருவர் விழித்திருக்க வேண்டும் என்பதுதான் மருத்துவம் நமக்குச் சொல்லித் தருவது. மருந்தைத் தொடாமல் இருப்பது நம் கடமையில் ஒரு பாதி. நம் புளோக்கில், நம் வகுப்பில், நம் பஜனைக் குழுவில் யாருடைய அலாரம் ரொம்ப நாளாக அடித்துக்கொண்டிருக்கிறது என்று காது கொடுப்பது இன்னொரு பாதி. இந்த வாரம் அப்படி ஒருவர் உங்கள் நினைவுக்கு வந்தால், இதழை மூடி வைத்துவிட்டு அவருக்கு ஒரு போன் போடுங்கள். பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம். "சாப்டியா?" என்று ஆரம்பித்தாலே போதும்.